‘சுயதொழில்காரனுக்குச் சட்டம் கிடையாது’ என்கிறார் புரமோட்டர்: மகனின் பாயிண்ட் பணம் கிடைக்குமா?

ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்து போய்க் குடியேறிய குடும்பம். 22 வயது மகன் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் ரைடர். சிறு வயதிலேயே மண் தடத்தில் ஓட்டத் தொடங்கியவர், இந்த மார்ச்சில் பிரிட்டனின் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு ஓட்ட வந்தார். விசாவுக்கு ஸ்பான்சர் அந்தக் கிளப்தான். மே நடுப்பகுதி வரை ஆட்டம் முடிந்த வாரமே பணம் வந்தது. பிறகு ‘அடுத்த ஹோம் ஆட்டத்துக்குக் கூட்டம் வந்ததும் தருகிறோம்’ என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஜூலையில் வெளியூர் ஆட்டம் ஒன்றில் விழுந்து காறை எலும்பு உடைந்தது. ஆகஸ்டில், கை சரியாவதற்குள், அவருடைய இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள்.

தாய் போட்ட கணக்குப்படி மகனுக்கு வரவேண்டிய பணம் சுமார் 3,400 பவுண்டு. விமான டிக்கெட்டுக்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் சொன்ன 900 பவுண்டு தனி. மகனின் இரண்டாவது பைக் கிளப்பின் பட்டறையிலேயே நிற்கிறது. எஞ்சின் சர்வீஸ் பாக்கி 850 பவுண்டைக் கட்டினால்தான் தருவார்களாம். மகன் பணத்தைக் கேட்டபோது கிளப்பை நடத்தும் புரமோட்டர் மூன்று பதில் சொன்னாராம்: ‘நீ சுயதொழில்காரன், உனக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது’, ‘சத்தம் போட்டால் விசாவை ரத்து செய்வேன்’, ‘நீ எங்கள் அசெட் (சொத்து), வேறு கிளப்புக்கு எங்களைக் கேட்காமல் போக முடியாது’. அணியில் இன்னொரு ஆஸ்திரேலியருக்கும் ஒரு டென்மார்க் பையனுக்கும் இதே பாக்கி இருக்கிறது. இங்கிலாந்துப் பையன்கள் இரண்டு பேருக்கு மட்டும் பாக்கி இல்லை. “எங்கட பிள்ளையை நடத்துற மாதிரியே தங்கட பிள்ளையளையும் நடத்துவினமா?” என்று கேட்கிறார் அந்தத் தாய். தூதரகத்தில் முறையிடலாமா, ஆஸ்திரேலியாவில் வழக்குப் போடலாமா, ஃபேஸ்புக்கில் எழுதலாமா, இல்லை மகனைத் திரும்பிவரச் சொல்லிவிடலாமா என்பவை மற்றக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் பணத்தைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. புரமோட்டர் சொன்ன மூன்றில் முதலாவது பாதிதான் உண்மை. இரண்டாவதை அவர் சொன்னபடி செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. மூன்றாவது இந்த விளையாட்டின் பழைய வழக்கம், நீதிமன்றத்தில் உறுதியாக நிற்காது. எனக்குக் கவலை தருவது நாட்கள்தான். நீங்கள் எழுதிய தேதிகளைப் பார்த்தால், சில கதவுகள் இந்த மாதக் கடைசியிலேயே மூடத் தொடங்கும்.

ஸ்பீட்வே பற்றித் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெத்தனாலில் ஓடும் 500 சிசி பைக், ஒரே கியர், பிரேக் கிடையாது. இடது காலில் இரும்புத் தகடு அடித்த பூட்ஸைத் தரையில் ஊன்றி, பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டே வளைவைத் திருப்புவார்கள். ஒரு ஹீட்டில் நான்கு பேர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். முதல் மூன்று பேருக்கு 3, 2, 1 என்று பாயிண்ட், கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை. லீக் ஆட்டம் ஒன்றில் 15 ஹீட். ரைடருக்குச் சம்பளம் பெரும்பாலும் இந்தப் பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான். பைக், எஞ்சின், வேன், மெக்கானிக் எல்லாம் அவருடைய செலவு. ஆகவே இரண்டு மாதம் பணம் வராவிட்டால் சாப்பாட்டுச் செலவு மட்டும் இடிக்காது, எஞ்சினையும் பழுது பார்க்க முடியாது. பழுது பார்க்காத எஞ்சினில் பாயிண்டும் வராது. வெளிநாட்டில் இருந்து வந்த பையன் இந்தச் சுழலில் மாட்டினால் கைகொடுக்க வீடும் பக்கத்தில் இல்லை.

முதலில் கணக்கு

நீங்கள் அனுப்பிய பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். ஜூன் ஆட்டம் ஒன்றுக்கு 6 பாயிண்ட் என்று போட்டிருக்கிறீர்கள். அதே ஆட்டத்தின் ஸ்கோர் தாளில் மகனின் பெயருக்கு நேரே 6+2 என்று இருக்கிறது. அந்த +2 போனஸ் பாயிண்ட். எதிரணி ரைடரை முந்தி, தன் அணிக்காரருக்கு அடுத்ததாக வந்து சேர்ந்தால் கிடைப்பது. அணியின் ஸ்கோரில் அது சேராது, ஆனால் வழக்கமாக அதற்கும் பாயிண்டுக்கு உரிய பணம் உண்டு. அதாவது அன்று எட்டுப் பாயிண்டுக்குப் பணம் வரவேண்டும். வேறு நான்கு ஆட்டங்களிலும் இதே விடுதல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் போனஸுக்குப் பணம் என்று இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பட்டியலைத் திருத்துங்கள். உங்கள் தொகை கூடத்தான் செய்யும்.

மழையால் பாதியில் நின்ற இரண்டு ஆட்டங்களைத் தனியே எழுதுங்கள். அவற்றுக்குப் பணம் உண்டா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. சந்தேகமானதை உறுதியானதோடு கலந்தால் மொத்தப் பட்டியலையும் சந்தேகப்படுவார்கள். டிக்கெட் பணத்துக்கு வாட்ஸ்அப் செய்தியே போதுமான ஆதாரம். இங்கிலாந்துச் சட்டத்தில் இப்படிப்பட்ட ஒப்பந்தம் முத்திரைத் தாளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த உரையாடல் முழுவதையும், தேதியும் எண்ணும் தெரியும்படி, இன்றே சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

சுயதொழில் என்றால்

ஒப்பந்தத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதிவிட்டதாலேயே விஷயம் முடிந்துவிடாது. ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் 2021-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. காகிதத்தில் என்ன பெயர் என்பதைவிட, நடைமுறையில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். உங்கள் மகன் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடியாது. எந்த ஹீட்டில் ஓட்டுவது என்பதைக் கிளப்தான் தீர்மானிக்கிறது. விசாவுக்கு ஸ்பான்சரும் அவர்களே. இவை அவர் பக்கம் பேசும். சொந்த பைக், சொந்த மெக்கானிக், மற்ற நாட்டு லீக்குகளிலும் ஓட்டும் உரிமை, இவை எதிர்ப்பக்கம் பேசும். ரைடர்களைச் சுயதொழில்காரர்களாகவே நடத்துவது இந்த விளையாட்டில் நெடுநாள் வழக்கம் என்பதால், ‘தொழிலாளி’ என்ற நிலையை நிச்சயம் வென்றுவிடலாம் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

ஆனால் அதை வெல்லாமலேயே பணத்தைக் கேட்க முடியும். அவர் தொழிலாளி இல்லை, தனியே தொழில் செய்பவர் என்று கிளப் வாதிட்டால், இது ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்குத் தரவேண்டிய கடன் ஆகிறது. தொழில் கடன்களைத் தாமதிப்பவர்களுக்காகவே 1998-ல் ஒரு சட்டம் வந்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் வட்டியும், ஆயிரத்தில் இருந்து பத்தாயிரம் பவுண்டுக்குள் உள்ள கடனுக்கு 70 பவுண்டு நிலையான ஈடும் கேட்கலாம். புரமோட்டரின் முதல் பதில் அவருக்கே செலவு வைக்கும்.

வழி இப்படி. முதலில் கோரிக்கைக் கடிதம்: தொகை, ஆட்டத் தேதிகள், 14 நாள் அவகாசம். அதற்கும் பதில் இல்லையென்றால் கவுண்டி கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு. இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரை இந்த வழியில் வக்கீல் இல்லாமலே போகலாம். ஒப்பந்தக் கடனுக்குக் காலவரம்பு ஆறு ஆண்டு என்பதால் இதில் அவசரம் இல்லை. அவசரம், சம்பளம் போன்ற வேலைத் தகராறுகளைக் கேட்கும் தொழில் தீர்ப்பாயத்தில்தான். அங்கே மூன்று மாதக் கணக்கை மனதில் வையுங்கள். தொடர்ச்சியாக நிறுத்திய பணம் என்றால் கடைசியாக நிறுத்திய நாளில் இருந்து எண்ணுவார்கள். உங்கள் விஷயத்தில் அது ஜூலை. தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் ஏக்காஸ் என்ற அரசு சார்ந்த சமரச அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். அது இலவசம், பதிவு செய்ததும் காலக் கணக்கும் தற்காலிகமாக நிற்கும். போகப்போகிறோமா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம், பதிவை இந்த வாரமே செய்யட்டும். அப்புறம் இன்னொரு காகிதம்: விசாவுக்காகக் கிளப் கொடுத்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் விவரம். எவ்வளவு ஊதியம் தருவதாகக் கிளப் அரசிடம் சொன்னது என்பது அதில் இருக்கும். அரசிடம் ஒன்று, ரைடரிடம் வேறு ஒன்று என்று இருந்தால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஒரு அபாயத்தையும் சொல்ல வேண்டும். கிளப்புகள் பெரும்பாலும் சிறிய லிமிடெட் கம்பெனிகள், பல கிளப்புகளுக்கு மைதானம்கூடச் சொந்தம் இல்லை. பீட்டர்பரோ, வுல்வர்ஹாம்ப்டன் போன்ற பழைய பேர்பெற்ற கிளப்புகளே 2023 சீசனோடு தடத்தை இழந்தன. கம்பெனி திவாலானால் உங்கள் மகன் பணம் வரவேண்டியவர்களின் வரிசையில் கடைசியில் நிற்பார். அதனால்தான் ‘சீசன் முடியட்டும்’ என்ற வாய்ப்பேச்சுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். தவணை என்றால் தேதி போட்டு எழுதித் தரட்டும்.

விசா மிரட்டல்

விசாவை ரத்து செய்யும் அதிகாரம் உள்துறை அமைச்சகத்துக்கு மட்டுமே உண்டு. ஆனால் மிரட்டலை முழுதாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஸ்பான்சர் செய்த வேலை முடிந்துவிட்டால், அதைப் பத்து வேலை நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது கிளப்பின் கடமை. மகன் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அதைச் செய்தாக வேண்டும். தெரிவித்த பிறகு அமைச்சகம் வழக்கமாக 60 நாளாக விசாவைக் குறைத்து மின்னஞ்சல் அனுப்பும். ஆகஸ்டிலேயே ஆளை மாற்றிவிட்டார்கள் என்றால் அந்தக் கடிதம் இந்நேரம் வந்திருக்கலாம். மகனை விசாக் கணக்கையும் மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 60 நாளுக்குள் வேறொரு கிளப் ஸ்பான்சர் செய்தால் புதிய விண்ணப்பம் போடலாம். இல்லையென்றால் நாளுக்குள் கிளம்பிவிட வேண்டும். நாள் தாண்டித் தங்கினால் பின்னாளில் எந்த நாட்டு விசாவுக்கும் அது இடைஞ்சல். கிளம்பினால் பணம் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், கடன் அவரோடு விமானம் ஏறிவிடாது. ஆன்லைனில் வழக்குப் போடுபவருக்குப் பிரிட்டனில் ஒரு முகவரி தேவை. அவர் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள் அன்பானவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர்களிடம் சம்மதம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னைத் தடுத்து நிறுத்தியது. ‘அடுத்த வருசம் இளைஞர் விசாவில் வந்தால் செலவு குறையும் என்று வேறொரு கிளப்பில் சொல்கிறார்கள்.’ தயவுசெய்து வேண்டாம். யூத் மொபிலிட்டி விசாவில் கடையில், பண்ணையில், பட்டறையில் வேலை செய்யலாம். தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது என்பது அந்த விசாவின் நிபந்தனையிலேயே இருக்கிறது. மீறினால் மாட்டிக்கொள்வது மகன்தான். 2021 அக்டோபரில் இருந்து இதற்கென்றே சர்வதேச விளையாட்டு வீரர் விசா இருக்கிறது. இப்போது அவர் வந்திருப்பதும் அதில்தான்.

அசெட் என்ற பிடி

பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் ஒரு ரைடரை ஒரு கிளப்பின் பெயரில் பதிந்து வைத்து, மற்ற கிளப்புகளுக்குக் கடனாக அனுப்பிக் கட்டணம் வாங்குவது பழைய ஏற்பாடு. கால்பந்திலும் இப்படி ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைப் பிடித்து வைத்திருந்த நியூகாசில் கிளப் மீது ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குப் போட்டார். தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கும் ஏற்பாடு இது என்று 1963-ல் தீர்ப்பு வந்தது. உங்கள் மகனை நீக்கியும் விட்டார்கள், பணமும் தரவில்லை, இந்த நிலையில் போகவும் விடமாட்டோம் என்பது அந்தத் தீர்ப்பின் முன் நிற்பது கடினம். அதற்காக உயர் நீதிமன்றம் போங்கள் என்று சொல்ல மாட்டேன், செலவு கட்டாது. கோரிக்கைக் கடிதத்திலேயே, பதிவில் இருந்து விடுவிப்பதாக எழுத்தில் தரும்படியும் கேட்கட்டும். அதன் நகல் ஸ்பீட்வே கட்டுப்பாட்டு அமைப்புக்கும் போகட்டும்.

இது பாகுபாடா?

இந்தக் கேள்வியில் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அணியில் இருந்து நீக்கியது பாகுபாடு என்று நிரூபிப்பது கடினம். ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு பாயிண்ட் சராசரி உண்டு, அணியின் மொத்தச் சராசரிக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. காயம்பட்டவர் இடத்துக்கு, அந்த வரம்புக்குள் அடங்கும் எண் உள்ளவரைக் கிளப் தேடும். நன்றாக ஓட்டிச் சராசரி ஏறியதாலேயே அடுத்த சீசனில் இடம் இழந்த ரைடர்கள் எத்தனையோ பேர். நாட்டை வைத்துப் போட்டி விதிகள் போடுவதும் விளையாட்டில் பல இடங்களில் செல்லும். 2010 சமத்துவச் சட்டமே அதற்கு விலக்குத் தருகிறது. போலந்து லீக்கில் ஜூனியர் இடங்கள் அந்நாட்டுப் பையன்களுக்குத்தான். 1974-ல் பிரிட்டிஷ் லீக் ஸ்வீடன் ரைடர்களில் பெரும்பாலானோரை வெளியே நிறுத்தியது. ஊருக்கும் இங்கேயுமாகப் பறந்து பறந்து ஆட்டங்களைத் தவறவிடுகிறார்கள் என்பது புகார். ரெடிங் அணியின் நட்சத்திரம் ஆன்டர்ஸ் மிஷானெக் அந்த ஆண்டு இங்கே ஓட்டவில்லை. அதே ஆண்டு கோத்தன்பர்க்கில் உலகப் பட்டத்தை வென்றார். வந்து ஓட்டும் ரைடர்களை எப்படி நடத்துவது என்ற சண்டை இந்த விளையாட்டில் அவ்வளவு பழையது.

பணம் வேறு விஷயம். உள்ளூர் இருவருக்குப் பாக்கியில்லை, வெளிநாட்டு மூவருக்கும் பாக்கி என்பது உண்மையானால், எந்தப் போட்டி விதியும் அதற்கு மறைப்பு ஆகாது. சமத்துவச் சட்டத்தில் தேசிய இனமும் குடியுரிமையும் நிறத்தோடு சேர்த்தே பாதுகாக்கப்படுகின்றன. தானே வந்து செய்ய வேண்டிய வேலையென்றால், சுயதொழில் என்று சொல்லப்படுபவருக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டக்கூடும். இதற்கும் அதே மூன்று மாதக் கணக்குத்தான். மற்ற இருவரும் தங்கள் கணக்கை எழுதித் தருவார்களா என்று மகன் கேட்கட்டும். அந்த இன்னொரு ஆஸ்திரேலியரின் தாத்தா பிரிட்டனில் பிறந்தவர், அதனால் வம்சாவளி விசாவில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நாளையே கிளப் மாறலாம், ஸ்பான்சர் தயவு தேவையில்லை. அவரும் சேர்ந்து கேட்டால் புரமோட்டர் மிரட்டும் இடம் சுருங்கிவிடும். பைக்குகளைத் தயார் செய்யும் பிட்ஸ் பகுதியில் ஒருவர் மகனின் நிறத்தைப் பற்றிச் சொன்னதாக எழுதியதை நான் சிறிதாக எடுக்கவில்லை. யார், எந்த நாள், என்ன சொல், யார் கேட்டார்கள் என்பதை மகன் தன் கையாலேயே எழுதி வைக்கட்டும். அதைப் பணக் கடிதத்தில் சேர்க்காமல் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தனிப் புகாராகக் கொடுப்பதே நல்லது.

பைக், காயம், மற்றவை

பைக் விஷயத்தில் நீங்கள் நினைப்பதுபோல் கிளப் செய்வது முழுத் திருட்டு அல்ல. ஒருவர் கேட்டுக்கொண்டு வேலை செய்த பட்டறை, கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்பது பழைய சட்டம். கேட்டாரா என்பதுதான் கேள்வி. பில்லை எழுத்தில் கேளுங்கள்: என்ன வேலை, என்ன பாகம், யார் சொல்லி. மகன் சொல்லாமல் செய்ததென்றால் பிடித்து வைக்க உரிமை இல்லை. சொல்லித்தான் செய்தது என்றால், தரவேண்டிய 3,400-ல் கழித்துக்கொள்ளச் சொல்லி பைக்கை எடுத்துவிடுவது சுலபம்.

காயத்துக்கு ஸ்பீட்வே ரைடர்கள் நல நிதியை அணுகுங்கள், காயம்பட்டு ஓட்ட முடியாமல் நிற்பவர்களுக்காகவே இருப்பது அது. அடுத்து போலந்தில் ஓட்டலாம் என்று மகன் ஆசைப்படுகிறார் அல்லவா? ஆஸ்திரேலியாவுக்குப் பிரிட்டனோடும் ஸ்வீடனோடும் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் உண்டு, போலந்தோடும் டென்மார்க்கோடும் இல்லை. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பந்தயத்துக்குப் பொதுவாக விலக்கு போட்டிருப்பார்கள். 2015 ஆகஸ்டில் போலந்தின் ஜெலோனா கூராவில் விழுந்த ஆஸ்திரேலியர் டார்சி வார்டு அதன் பிறகு நடக்கவே இல்லை. பந்தயத்தையும், ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்த காப்பீடு கையில் இல்லாமல் அங்கே ஒரு ஹீட்கூட ஓட்ட வேண்டாம்.

தூதரகம் வக்கீல் பட்டியல் தரும், கடனை வசூலித்துத் தராது. வழக்கு ஆஸ்திரேலியாவில் போடுவதால் பயன் இல்லை, கிளப்பும் ஒப்பந்தமும் இங்கே. ஃபேஸ்புக்கில் இப்போது எதுவும் எழுதாதீர்கள். உண்மை அவதூறு வழக்கில் நல்ல தற்காப்புத்தான், ஆனால் மகனை ஸ்பான்சர் செய்ய யோசிக்கும் அடுத்த கிளப்பும் அதைப் படிக்கும்.

திரும்பிவரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவருடைய முடிவு, 22 வயதுப் பிள்ளை. வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் விசாவின் நாள் கணக்கே அதைத் தீர்மானித்துவிடும். ஆனால் ஏக்காஸ் பதிவும் கோரிக்கைக் கடிதமும் அவர் பிரிட்டனில் இருக்கும்போதே போய்விட வேண்டும். இரண்டும் அவருடைய பெயரில், அவருடைய கையெழுத்தில் போக வேண்டியவை. உங்கள் சார்பில் நான் எதுவும் செய்ய முடியாது. ஒப்பந்தம், திருத்திய பட்டியல், வாட்ஸ்அப் நகல், விசா மின்னஞ்சல் நான்கையும் வைத்துக்கொண்டு அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் வரைவை நான் கட்டணம் இல்லாமல் பார்த்துத் தருகிறேன்.